வயிற்றுக்குள் வைக்கப்போகும் வலை

என் பிரியமான வீட்டுக்காரருக்கு,

நீங்கள் கண்மூடி நான்கு ஆண்டுகளாகின்றன. இராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதறாதீர்கள். நாளைக் காலை எனக்கு ஹெர்னியா ஆபரேஷன்.

கர்ப்பப்பையை எடுத்த பழைய தழும்பு புடைத்திருந்ததைக் கவனித்து ஒருமுறை கேட்டீர்கள். "வெறும் கொழுப்பு" என்றேன். தழும்புக்கு அடியில் தசை விட்டுப்போய், அந்த ஓட்டை வழியாகக் குடல் பிதுங்குகிறது என்று அன்று எனக்குத் தெரியாது. ஆனால் கொழுப்பு இல்லை என்பது தெரியும். இன்னொருவர் முன்னால் வயிற்றைத் திறந்து காட்ட மனம் வரவில்லை.

பிள்ளை பெற்றவளுக்கு நம் பக்கம் வயிற்றில் துணி சுற்றிக் கட்டுவார்களே, அதையே நானும் செய்தேன். உங்கள் பழைய வேட்டிகளைக் கிழித்து, புடவைக்குள் இறுக்கிக் கட்டினேன். நாள்பட்டால் மூடிக்கொள்ளும் என்று நம்பினேன், கான்வென்டில் படித்தவள்! வேட்டி குறைகிறதென்று நீங்கள் சலவைக்காரரைக் கடிந்துகொண்டபோது வாய் திறக்காமல் நின்றேன். உண்மையில் உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் என் கௌரவத்துக்காகச் சும்மா இருந்தீர்களா?

போன மாதம் ஒரு மத்தியானம் புடைப்பு கல்லாக இறுகிவிட்டது. அழுத்தினாலும் உள்ளே போகவில்லை. வாந்தி. மண்டபம் ஊரில், நம் வீட்டில் நான் மட்டும். ஒரு மணி நேரம் கழித்துத் தானாக அடங்கியது. அன்றுதான் மகளுக்குப் போன் செய்தேன். அவள்தான் இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

டாக்டர் முதுகுளத்தூர்ப் பெண். "தலைய மட்டும் தூக்கி இருமுங்க, அம்மாச்சி. எத்தன வருசமா இருக்கு?"

"கொஞ்ச நாளாக. நான் உங்களுக்கு அம்மாச்சி இல்லை."

"சரிங்க மேடம். கொஞ்ச நாள்ல இம்புட்டுப் பெருசா வராது. துணியக் கட்டுனா அமுங்கி இருக்கும், ஓட்டை மூடாது. கொடலு மாட்டிக்கிட்டு அழுகிருச்சுன்னா உசுருக்கே ஆபத்து."

என்னிடம் அப்படி யாரும் பேசியதில்லை. பிடித்திருந்தது. வெறுமனே தைத்தால் போதாதா என்று கேட்டேன். மறுபடி விட்டுப்போகுமாம். அதனால் தசைக்குப் பின்னால், ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் பெரியதாக ஒரு வலை வைப்பார்களாம். படம் வரையச் சொன்னேன். கோணலாக இருந்தது, திருத்தி வாங்கினேன். மாதிரித் துண்டும் கேட்டேன். தந்தார். காகிதம்போல் லேசாக, முழுக்கக் கண்களாக இருந்தது.

பக்கத்துக் கட்டில் பாம்பன்காரி எட்டிப் பார்த்தாள். "ஏக்கா, இந்த வலையில கூனி இறாலு கூடத் தப்பாது. ஒங்க கொடலு எங்கிட்டுப் போகும்?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், எல்லோர் முன்னாலும்.

"இத்தனை கண்கள் எதற்கு?" என்றேன் டாக்டரிடம்.

"ஒங்க சதை அதுக்குள்ள வளந்து வலையப் பிடிச்சுக்கிரும், மேடம். அப்புறம் ரெண்டையும் பிரிக்கிறதே கஷ்டம்."

அப்போதிருந்து இதே யோசனைதான். எங்கே வளர வேண்டும் என்று சதைக்கு யார் சொல்வார்கள்? எழுபத்திரண்டு வயதுச் சதைக்கும் அது நினைவிருக்குமா?

போகும்போது டாக்டர் ஒன்று சொன்னார். "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கக் கூடாது."

எனக்கு வராத வார்த்தை அது. சற்று முன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்: வலிக்கிறது. பாம்பன்காரி சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "எங்கனக்கா?"

நாளை கண் விழித்ததும், எங்கே வலிக்கிறதென்று அவளுக்குச் சரியான பதில் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மனைவி,
ரெஜினா