கையில் சூடம் இருந்திருந்தால்

ஆடி 4, சனி

விடாத காற்று. கொடியில் போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில். கண்ணெல்லாம் மணல்.

வேலைகள்: மண்ணெண்ணெய். செருப்புக்கு வார். பத்திரிகைக்கு விமர்சனம், திங்கட்கிழமை ரயிலுக்குள்.

மில்லில் மானேஜர் கூப்பிட்டுக் கேட்டார், "கத்தரின்னு பேர் வெச்சுக்கிட்டுப் பத்திரிகையில சினிமாவைக் கிழிக்கிறது நம்ம டைம் ஆபீஸ் கிளார்க்குதானாமே?" ஆமாம் என்றேன். "ஒரு படத்தையாவது நல்லா இருக்குன்னு சொல்லேன்யா" என்றார். நல்ல படம் வந்தால் சொல்ல மாட்டேனா? போன வாரம் இரட்டை வேடம். மீசை இருந்தால் கெட்டவன், இல்லாவிட்டால் நல்லவன், பெற்ற தாய்க்கு மட்டும் கடைசி வரை வித்தியாசம் தெரியவில்லை. அதற்கு முந்தின வாரம் ஊட்டி, ஏழு பாட்டு, ஒரு சிவப்பு ஸ்வெட்டர். ஸ்வெட்டர்தான் நன்றாக நடித்தது.

நேற்று ஜெயராமுலுவின் கீற்றுக் கொட்டகையில் அம்மன் படம். கிண்டல் பண்ணத்தான் போனேன். பாதி வரை வசதியாகத்தான் இருந்தது: அழுகை, நாகம், மாமியார். இரண்டாம் இடைவேளைக்கு அப்புறம் பால்காரன் காமெடி, ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. தரை டிக்கெட்டில் ஒரு அம்மாள் எழுந்து புடவையை உதறிவிட்டு உட்கார்ந்தாள்.

ஆனால் கடைசி ரீல். ஊரே சேர்ந்து அந்தப் பெண்ணை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறது. அம்மன் வருகிறாள். கிரீடம் இல்லை, சூலம் இல்லை, விறகுக்கட்டு சுமக்கிற ஒருத்தியாக. கட்டை இறக்கி வைத்துவிட்டுக் கதவைப் பார்க்கிறாள். பார்க்கிறாள், அவ்வளவுதான். பூட்டு விழுகிறது. சாமி கும்பிடாத எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போய்விட்டது. ஏன் என்று இன்னும் புரியவில்லை.

ஆடி 6, திங்கள்

விமர்சனம் முடித்து அனுப்பியாயிற்று. பால்காரனை விடவில்லை: ‘இந்த இடத்தில் கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை.’ கடைசிக் காட்சிக்கு ஒரு வரி, எனக்கே பிடித்த வரி: ‘கையில் சூடம் இருந்திருந்தால் நானே ஏற்றியிருப்பேன்.’

கோமளாவுக்குப் படித்துக் காட்டினேன். கல்யாணம் ஆன நாளாக நான் எழுதியதை அவள் கேட்டதே கிடையாது. "எப்பப் பாரு திட்டிக்கினே இருப்பீங்க. இப்பத்தான் மன்சன் மாதிரி எழுதிக்கிறீங்க" என்றாள். ராத்திரி வறுத்த வஞ்சிரம், எனக்கு இரண்டு துண்டு.

ஆடி 11, சனி

பத்திரிகை வந்தது. ஒரு எழுத்துக்கூட வெட்டவில்லை. ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர் கும்பிட்டார்.

கோமளா பத்திரிகையை இடுப்பில் செருகிக்கொண்டு தெரு முழுக்க நடந்திருக்கிறாள்.

ஆடி 13, திங்கள்

காற்று குறையவில்லை. பேட்டைப் பக்கம் புதிதாகப் போட்ட தகரக் கூரை ஒன்று பறந்து ரோட்டில்.

சாயந்தரம் மைக் வண்டி. மாட்டுவண்டியில் தட்டி கட்டி, அதில் என் வரி, என் பெயர், ஆள் உயர எழுத்தில். மைக்கில்: "கத்தரியே சூடம் ஏத்தத் துடிச்ச படம்! தாய்மார்களே, வரும்போது மறக்காம கையோட சூடம் கொண்டு வாங்க!"

நான் எங்கே அப்படிச் சொன்னேன்? ஆனால் யாரும் பார்க்காத நோட்டு இது, உண்மையை எழுதலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வண்டி தெருமுனை திரும்பும் வரை நின்று கேட்டேன்.

ஆடி 14, செவ்வாய்

கொட்டகைக்குப் போனேன், சும்மா, எப்படிப் போகிறது என்று பார்க்க. வாசலில் தட்டில் சூடம் விற்கிறார்கள், கட்டி அஞ்சு பைசா.

கடைசி ரீலில் பெண்கள் பக்கம் முழுக்க எழுந்து நின்றது. திரையை விட அங்கே வெளிச்சம். உள்ளங்கையில், வெற்றிலையில், தேங்காய் மூடியில் எரிகிறது. ஒருத்திக்கு ஆவேசம் வந்து கை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள். மேலே கை எட்டுகிற உயரத்தில் கீற்று. ஆடிக் காற்றில் பொரபொரவென்று காய்ந்த கீற்று.

படத்தை நான் பார்க்கவே இல்லை.

முடிந்ததும் ஆபரேட்டர் மஸ்தான் பாய் டார்ச் அடித்துக் காட்டினான். "மேல பாருங்க சார்." கூரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு. "நேத்து இது இல்ல. எனக்கு ரூமுல ஒக்காரவே பேஜாரா கீது. மிசின் வெளக்குல எரியற கார்பன் பொறி பட்டாக்கூட என் ரூம்பு தகரம், தப்பிச்சுக்குவேன். அவங்க?"

பெண்கள் பக்கத்துக் கதவைப் போய்ப் பார்த்தேன். ஓசியில் நுழைகிறார்கள் என்று கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். வெளியே வர ஆண்கள் பக்கம் சுற்றித்தான் வரவேண்டும்.

ஆடி 15, புதன்

ஜெயராமுலு வீடு. சூளூர்ப்பேட்டையில் இருந்து யாரோ ஒருவர் வந்திருந்தார், ஜெயராமுலு காபி குடித்துக்கொண்டே என்னிடம் பேசினார். சூடத்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அந்தக் கம்பியையாவது அவிழ்த்துவிடுங்கள் என்றேன்.

"நானா நைனா ஏத்தச் சொன்னேன்? நீதானே சொன்னே! உன் பேச்சைக் கேட்டுத்தான் ஜனம் வருது. இந்த வெள்ளிக்கெழம மொத ஆட்டம் பொம்பளைங்களுக்கு மட்டும். ஆடி வெள்ளி. ஸ்க்ரீனுக்கு மாலை, பொங்கல், அல்லாம் ஏற்பாடு பண்ணிக்கினேன். ஆத்தா பார்த்துக்குவா, போ."

வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்: "கத்தரி சார்தானா! நல்லா எழுதிக்கிறீங்க."

மில் போனில் ஆசிரியரைப் பிடித்தேன். ஒரு திருத்தம் போடுங்கள், சூடம் என்று எழுதியது பேச்சுக்குத்தான் என்று. "கத்தரிக்கே பக்தி வந்துடுச்சுன்னு மெட்ராஸ் பூரா பேச்சு. இப்பப் போய்த் தண்ணி ஊத்தச் சொல்றியே?" என்று வைத்துவிட்டார்.

தாலுகா ஆபீசில் லைசென்ஸ் பார்க்கிறவர் கேம்ப், வெளியூர் போயிருக்கிறாராம்.

பயமாக இருக்கிறது. யாரிடம் சொன்னாலும் என் வரியையே எனக்குத் திருப்பிச் சொல்கிறார்கள்.

ஆடி 16, வியாழன்

காலையில் மாடத்தில் ஒரு பொட்டலம். பிரித்தால் சூடம்.

"நாளைக்கு நம்ம தெருவுல அல்லாரும் போறோம். நான்தான் கூட்டிக்கினு போறேன்" என்றாள் கோமளா.

வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். கூரையில் கருப்பு, கதவில் கம்பி, எல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டாள். அப்புறம்: "ஊருக்கெல்லாம் எழுதுவீங்க. உங்க பொண்டாட்டி மட்டும் போவக்கூடாதா? கத்தரி பொண்டாட்டியே வரலன்னா தெருவுல இன்னா நெனப்பாங்க?"

"நெனச்சுக்கினு போவட்டும்."

"நீங்க எழுதினதுல நான் நம்புனது இது ஒண்ணுதான். அதுவும் பொய்யா?"

பொய்யென்று சொல்லியிருக்க வேண்டும். அந்தக் காட்சியில் எனக்குப் புல்லரித்தது நிஜம்தானே.

பொட்டலத்தை எடுத்துக் கிணற்றில் போட்டேன். கடை இருக்கிறது, இன்னொன்று வாங்கிக்கொள்வாள்.

மத்தியானம் மஸ்தான் பாயைப் பார்த்தேன். நல்ல மனுஷன். "கவலைப்படாதீங்க சார். கடைசி ரீல் வந்ததும் மிசினை நிறுத்திடறேன். கார்பன் தீர்ந்து போச்சுன்னு சொல்லிடறேன். வேலை போனா போவட்டும், எளாவூர்ல லாரி லோடு ஏத்திப் பொழைச்சுக்குவேன்." கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசி ரீல் வராவிட்டால் விறகுக்காரி வர மாட்டாள். அவள் வராவிட்டால் சூடம் இல்லை.

இன்று கொஞ்சம் தூக்கம் வரும்.

ஆடி 17, வெள்ளி

காற்று இன்னும் பலம். மில்லுக்கு அரை நாள் லீவு.

கோமளா மஞ்சள் புடவையில், தலை நிறையப் பூ. வாசலில் தெருப் பெண்கள் காத்திருந்தார்கள். போகும்போது திரும்பி, "ரசம் அடுப்பு மேல கீது, சூடு பண்ணிக்கங்க" என்றாள். கோபம் போய்விட்டது போல. கை மூடியே இருந்தது. என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

அவர்கள் போன பின்னாலேயே இரண்டு வாளித் தண்ணீரோடு போனேன். கேட்டில் நிற்கிறவன் மறித்தான். "இன்னிக்கு பொம்பளைங்க ஆட்டம் சார். ஆம்பளைக்கு உள்ள இன்னா வேலை?"

"தண்ணி மட்டும் வெச்சுட்டு வந்துடறேன்பா."

"மொதலாளி உங்களை மட்டும் உள்ள உடக் கூடாதுன்னு சொல்லிக்கிறாரு. கோச்சுக்காதீங்க."

வாளிகளைக் கேட்டருகே வைத்தேன். நான் நிற்கும்போதே ஒரு பாட்டியம்மா அதில் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். சுற்றிப் போய்ப் பார்த்தேன். பெண்கள் பக்கத்துக் கதவில் அதே கம்பி. இடுக்கி இல்லாமல் அவிழாது. கையால் இழுத்ததில் விரல் கிழிந்ததுதான் மிச்சம். ஆள் வந்து விரட்டினான்.

வீட்டுக்கு வந்து இடுக்கி தேடினேன். இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்ததும் தருவதாக அவர் தம்பி சொன்னான். அதுவரை சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். கொட்டகை வயலுக்கு அந்தப் பக்கம்தான், காற்று இங்கே அடிக்கிறது, வசனம் சுத்தமாகக் கேட்கிறது. மாமியார் சண்டை. நாகம். குலவை போடுகிறார்கள். முதல் இடைவேளை, முறுக்குக்காரன் குரல். மறுபடி படம். உடுக்கைப் பாட்டு. கூடவே பாடுகிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாம் இடைவேளை. எல்லாம் சரியாகப் போகிறது. கடைசி ரீலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, மஸ்தான் பாய் சொன்னதைச் செய்வான், இடுக்கியும் வந்துவிடும்.

பால்காரன் வந்துவிட்டான். ‘பாலில் தண்ணியா, தண்ணியில் பாலா’ என்கிறான். அதே அறுவை.

சத்தம்.

இந்த இடத்தில் ஒரு சத்தமும் வராது. நானே எழுதியிருக்கிறேன். சிரிப்பு இல்லை இது. எல்லாப் பெண்களும் ஒரே குரலாக. படம் நிற்கவில்லை, பால்காரன் பேசிக்கொண்டே இருக்கிறான், வாசலில் சிவப்பாக வெளிச்சம், கோமளா