நீங்கள் தொடாத தெர்மோஸ்டாட்

மாமா,

ஹால் சுவரில் இருந்த, வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பழைய தெர்மோஸ்டாட் இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. அதன் கீழ் விளிம்பில் நான் ஒட்டிய காகிதம் இன்னும் உரியவில்லை. ‘குளிர்காலம்: 20. யாரும் மாற்றக் கூடாது.’ தட்டச்சிட்டு, அச்செடுத்து, அளவுகோல் வைத்து ஓரம் வெட்டியது. உங்கள் பேத்தி நித்யாவுக்காக ஒட்டினேன். ஜனவரியில் சூட்டை முப்பதுக்கு ஏற்றிவிட்டு ஜன்னலையும் திறந்து வைப்பவள் அவள். அந்த விதியை அவள் ஒரு நாளும் மதித்ததில்லை. அவள் ஏற்றுவாள், நான் இறக்குவேன். அதை மதித்த ஒரே ஆள் நீங்கள்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பொறுக்க முடிவதில்லை.

நீங்களும் அத்தையும் சவூதிக்கு, அல் கோபாருக்கு வந்து எங்களோடு இருந்தது ஒரே ஒரு குளிர்காலம். விருதுநகர் வெயிலில் எழுபது வருடம் வாழ்ந்தவருக்கு இருபது டிகிரி எப்படி இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஆனால் கேட்டேன். அதை நீங்கள் மறுக்க முடியாது. “குளிருதா மாமா?” என்று வந்த இரண்டாம் நாளே கேட்டேன். ஸ்வெட்டர், மப்ளர், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு காலுறை, இத்தனையோடும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, “இல்ல மாப்பிள்ள, நல்லாத்தான் இருக்கு” என்றீர்கள்.

காலை பதினொரு மணியானால் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் போய் வெயிலில் உட்காருவீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு வீடு வரும் நான், வண்டி திரும்பும் இடத்தில் உட்காரக் கூடாது என்று எடுத்துச் சொன்னேன். மறுநாள் நாற்காலி, வண்டிப் பாதையின் ஓரத்து மஞ்சள் கோட்டுக்கு இப்பால் சரியாக ஒரு அடி தள்ளியிருந்தது. விதிமீறல் எதுவும் இல்லை. ஆகவே நானும் மாடிக்குப் போய்விட்டேன். காற்று வாங்கப் பிடிக்கிறது போலும் என்று வசந்தியிடம் சொன்னேன். உங்கள் மகளும் அதை நம்பினாள்.

ஒருநாள் நித்யாதான் நேரடியாகச் சொன்னாள். “தாத்தா, அந்த அப் ஆரோவ ரெண்டு தடவ பிரஸ் பண்ணுங்க, அவ்ளோதான். அப்பா ஆபீஸ் போயிட்டாருன்னா யாருக்குத் தெரியும்?”

“அது உங்கப்பா ஸ்டேஷன்மா. நான் கைவைக்கக் கூடாது.”

முப்பத்தைந்து வருடம் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் பேசும் வேடிக்கை என்று எல்லோரும் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தது நான். நீங்கள் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது எனக்கு எட்டுவதற்கு நீங்களே போய்ச் சேர வேண்டியிருந்தது.

போன வருடம் நீங்கள் மறைந்தபின் அத்தை விருதுநகர் வீட்டில் தனியாக இருந்தார். வசந்தி மூன்று முறை இங்கே கூப்பிட்டாள். மூன்று முறையும் ஏதோ ஒரு சாக்கு. ஒரு வாரம் அத்தை ஒழுங்காகச் சாப்பிடவே இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு வசந்தி அழுதுகொண்டிருந்தாள். நான்காம் முறை நானே போனை வாங்கிப் பேசினேன். அத்தை தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அங்க குளிர் தாங்காது மாப்பிள்ள. அவரே ரெண்டு போர்வ போத்தியும் நடுங்கிக்கிட்டுதான் கெடந்தாரு. மாப்பிள்ள வீட்ல போயி இது வேணும் அது வேணும்னு நிக்கக் கூடாது, மூச்சு விடாதேன்னுட்டாரு.”

போனை வைத்தபின் எனக்கு வந்தது கோபம். உங்கள்மீதுதான். நாற்காலியிலிருந்து அந்தச் சுவருக்கு நான்கு எட்டு நடை. பொத்தானில் விரல் வைக்க மனமில்லை என்றால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை. பெண் கொடுத்த வீட்டில் எதையும் கேட்கக் கூடாது என்பது எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? எழுதாத விதியைக்கூடக் கடைப்பிடிப்பவரிடம், எழுதி ஒட்டிய விதி வேறு போய்ச் சேர்ந்திருக்கிறது.

மறுபடி அத்தையை அழைத்து, அவர் கையாலேயே கூட்டிக் குறைக்கும்படி எளிய கருவி ஒன்று மாட்டிவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஒரு மாதம் வந்து பார்க்கிறேன், ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்பிவிடுவேன் என்றார்.

எளிய கருவி வாங்குவது எவ்வளவு சிக்கல் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு வேண்டியது பெரிய எண்கள், கூட்ட ஒரு பொத்தான், குறைக்க ஒரு பொத்தான். கடையில் இருந்த கீழக்கரைக்காரர் எடுத்துவைத்ததெல்லாம் கண்ணாடித் திரைகள். “போன்லயே ஆப் வச்சு எல்லாம் பண்ணலாம் சார், ஊர்ல இருந்தேகூட மாத்தலாம்” என்றார். ஊரிலிருந்து மாற்ற வேண்டியவர் யாரும் இல்லை என்றேன். சலித்துக்கொண்டு பெட்டிக்கு அடியிலிருந்து இரண்டு பொத்தான் உள்ளதை எடுத்தார். விவரத்தாளை முழுதும் படித்தேன். அது குளிரூட்ட மட்டுமே. எங்கள் வீட்டில் இருப்பது ஹீட் பம்ப், ஒரே இயந்திரம் கோடையில் குளிரூட்டி, குளிர்காலத்தில் சூடேற்றும். சூடா குளிரா என்று அதை மாற்றிவிடும் வால்வுக்கென்று தனிக் கம்பி உண்டு. அந்தக் கம்பியைப் பொருத்த இதில் இடமே இல்லை. “ஸிம்பிளும் வேணும், ஹீட் பம்புக்கும் வேணும்னா எப்படி சார்? இங்க ஹீட்டிங் யாரு கேக்குறா?” என்றார். யாரும் கேட்பதில்லை, அதுதானே பிரச்சினை என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன்.

நான்காவது கடையில் கிடைத்தது. மாட்டி, சூட்டுக்கு வைத்தால் குளிர்காற்று வந்தது. சூடேற்றும்போது வால்வுக்கு மின்சாரம் போக வேண்டுமா, குளிரூட்டும்போதா என்பதை முதலிலேயே தேர்ந்து வைக்க வேண்டுமாம். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. திருத்தினேன். அத்தை வருவதற்கு முந்தைய நாள் வெதுவெதுப்பான காற்று வந்தது.

அத்தை வந்தார். கருவியின் முன் நிறுத்தி, மேலே அழுத்தினால் கூடும், கீழே அழுத்தினால் குறையும், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை என்று விளக்கினேன். முந்தானைக்குள் இரண்டு கையையும் ஒடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டார். “நீங்களே வச்சிருங்க மாப்பிள்ள. எனக்கு எதுனாலும் சரி” என்றார்.

மூன்று நாள் அந்த எண் அசையவில்லை. நான் இருபத்து நான்கில் வைத்தேன். இருபத்து நான்கிலேயே இருந்தது. சால்வையும் தோளிலேயே இருந்தது. குளிருதா அத்தை என்றால், இல்லை மாப்பிள்ளை. வசந்தி பின்னாலிருந்து என்னைப் பார்த்தாள். சந்தையில் உள்ளதிலேயே எளிய கருவியை வாங்கியும் நான் பழைய இடத்திலேயே நின்றேன், மாமா. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

நான்காம் நாள் மாலை அலுவலகத்திலிருந்து வந்து சோபாவில் உட்கார்ந்தேன். கால்மேல் துண்டைப் போட்டுக்கொண்டேன். “அத்தை, எனக்கு உடம்பெல்லாம் சிலுசிலுங்குது. அதக் கொஞ்சம் கூட்டி வைக்கிறீங்களா?” என்றேன்.

“ஐயோ, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்று விறுவிறுவென்று எழுந்து போனார். இருபத்து ஐந்து. என்னைத் திரும்பிப் பார்த்தார். போதவில்லை என்றேன். இருபத்து ஆறு. இருபத்து ஏழு. திரும்பி வந்து உட்கார்ந்தவர், சிறிது நேரத்தில் சால்வையை எடுத்து மடித்து வைத்தார்.

பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. இப்போது தினம் ஒரு முறை சொல்கிறேன். பனியன் முதுகில் ஒட்டுகிறது. நித்யா அவள் அறையில் மின்விசிறி போட்டுக்கொள்கிறாள். திரும்பிப் போகும் டிக்கெட்டைத் தள்ளி வைக்கலாமா என்று நேற்று அத்தையே வசந்தியிடம் விசாரித்திருக்கிறார்.

உங்களுக்கும் எனக்கும் இருபது வருடப் பழக்கம். உங்களிடம் நான் எதையும் கேட்டதில்லை. மாமனாருக்குத் தொந்தரவு கொடுக்காத மாப்பிள்ளை என்று அதைப் பெருமையாக வைத்திருந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துத் தரும்படிகூட உங்களிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீங்களும் ஏதாவது கேட்டிருப்பீர்கள்.