லமோ, லமோன்

ஜூன் 3

அன்புள்ள காதுக்காரிக்கு,

இங்கே நலம். உன் ஆஸ்பத்திரி உன்னை நேரத்துக்குச் சாப்பிட விட்டால் நீயும் நலமாகத்தான் இருப்பாய்.

கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்த நம் சிறுமொழிக்கு நேற்று நானூறாவது சொல் கிடைத்தது: 'பெலுக்கு'. குழாயை இறுக்கி மூடிய பிறகும் மூன்று சொட்டு விழுமே, அதற்குப் பெயர். சமையலறைக் குழாயின் உபயம். ஏன் இன்னும் சரி செய்யவில்லை என்று கேட்காதே, சொல் பிறக்கட்டும் என்றுதான் விட்டுவைத்தேன்.

'நான்', 'நீ' வகையறாவையும் முடித்துவிட்டேன். தமிழில் 'நாம்' இருக்கிறது, 'நாங்கள்' இருக்கிறது. கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் ஒன்று, விட்டுவிட்டால் மற்றது. நமக்கு ஒன்றே போதும். உலகத்திலேயே இரண்டு பேர் மட்டும் பேசுகிற மொழியில் யாரை வெளியே நிறுத்தப்போகிறோம்?

அச்சகத்தில் ஒரு சமையல் புத்தகத்துக்குப் புரூஃப் பார்க்கிறேன். உப்பெல்லாம் 'உபபு' என்றே வந்திருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் புள்ளி வைத்துக் கை ஓய்ந்துவிட்டது. நீ வேலைக்காக அங்கே போய் இரண்டு வருடமாகிறது, உன் கடிதங்கள் வரவர இளைத்துக்கொண்டே போகின்றன.

உன்,
புள்ளிக்காரன்

ஜூன் 11

அன்புள்ள புள்ளிக்காரருக்கு,

உங்கள் இலக்கணப்படி ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என் அறைத் தோழிகள் இருவரும் நானும் மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். அதை எழுதினால் நீங்களும் வந்து ஒட்டகச்சிவிங்கி பார்த்ததாக ஆகிறது. உங்கள் இலக்கணம் எங்கே வேண்டுமானாலும் வந்துவிடுகிறது, நீங்கள்தான் வருவதில்லை. 'நாங்கள்' கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று. நாள் முழுக்க மற்றவர்கள் காதில் ஒலி விட்டுப் பார்க்கிறவள் சொல்கிறேன். வயதாகும்போது பலருக்கு 'ஸ', 'ஃப' போன்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். அவை நமக்கு வேண்டாம். எழுபது வயதில் நான் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, நீங்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் எனக்குக் கோபம் வரும்.

என் வேலையை இன்னும் மூன்று வருடம் நீட்டித்துவிட்டார்கள். நீங்கள் இங்கே வந்துவிடுகிறீர்களா என்று போன இரண்டு கடிதங்களிலும் கேட்டேன், பதிலைக் காணோம். இங்கேயும் அச்சகங்கள் இருக்கின்றன. இங்கேயும் புள்ளிகள் விட்டுப்போகின்றன.

அன்புடன்,
காதுக்காரி

ஜூன் 19

அன்புள்ள காதுக்காரிக்கு,

ஒட்டகச்சிவிங்கியிடம் தோற்றேன். இரண்டு சொல் செய்துவிட்டேன். நோட்டைப் பார்த்து எழுதுகிறேன், குறித்துக்கொள். லமோன் என்றால் நாம். லமோ என்றால் நாங்கள். பஸ்ஸில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்ததில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

'ஸ', 'ஃப' இரண்டையும் துரத்தியாயிற்று. இருபத்து மூன்று சொற்கள் காலி. அதில் வீடும் ஒன்று. இனி வீடு 'தோரி'. கண்டுபிடிப்பது 'கெமு'. வினைச்சொல் தமிழ் மாதிரியே கடைசியில் வரும்.

அங்கே வருவது பற்றிப் பேசலாம். முதலில் வினைச்சொற்களை ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

உன்,
புள்ளிக்காரன்

ஜூலை 2

அன்புள்ள புள்ளிக்காரருக்கு,

நீங்கள் வினைச்சொற்களை முடிப்பதற்குள் எனக்கே காது கேட்காமல் போய்விடும். அதனால் நானாக ஒரு காரியம் செய்தேன். அதைச் சிறுமொழியிலேயே சொல்கிறேன்.

லமோன் தோரி கெமு.

பின்னால் நின்று எட்டிப் பார்த்த தோழி, "என்னக்கா இது, மருந்துச் சீட்டா?" என்றாள். "ஆமா, ஒருத்தருக்கு மட்டும்" என்றேன். படித்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
காதுக்காரி

ஜூலை 10

அன்புள்ள உனக்கு,

வாக்கியம் கிடைத்தது. பிழை இல்லை. லமோன், நாங்கள். தோரி, வீடு. கெமு, கண்டுபிடித்தோம். நீயும் தோழிகளும் புது வீட்டில் நன்றாக இருங்கள்.

'நாங்கள்' வேண்டும் என்று நீ அடம் பிடித்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்து செய்து கொடுத்த சொல்லாலேயே என்னை வெளியே நிறுத்திவிட்டாய். வலிக்கிறது.

தலைமைப் பிழைதிருத்துநர் பொறுப்பை ஏற்றுக்கொள்ளச் சொல்லி முதலாளி ரொம்ப நாளாகக் கேட்கிறார். "யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல" என்றார். யோசிக்காமலே சரி என்றேன்.

இப்படிக்கு,
நான்

ஜூலை 17

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் ஜூன் 19 கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். 'லமோன் என்றால் நாம்.' உங்கள் கையெழுத்துதான். நோட்டில் வேறு மாதிரி இருந்தால், பார்த்து எழுதியபோது வரி மாறியிருக்கிறது.

நான் எழுதியது, நாம் வீடு கண்டுபிடித்தோம் என்று. இரண்டு அறைகள். ஜன்னலோரம் உங்கள் மேஜை போடும் அளவுக்கு இடம் இருக்கிறதா என்று முழம் போட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஊரார் எழுத்தில் ஒரு புள்ளி குறைந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி மாறியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. நான் மாறியிருக்கலாம் என்று தோன்றியது. அதற்காகத்தான் அழுதேன்.

வீட்டுக்காரர் மாதக் கடைசி வரை பொறுத்திருப்பார். அவருக்கு என்ன சொல்லட்டும்?

காதுக்காரி

ஜூலை 22

அன்புள்ள காதுக்காரிக்கு,

நோட்டை எடுத்துப் பார்த்தேன். வரி மாறித்தான் போயிருக்கிறது. அது கைப்பிழை. உன்னைச் சந்தேகப்பட்டது கைப்பிழை இல்லை. அதற்கு என் தொழிலில் திருத்தக் குறி கிடையாது. மன்னித்துவிடு.

உண்மையைச் சொல்கிறேன். உன் ஊரில் உன்னை எல்லோருக்கும் தெரியும், என்னை ஒருவருக்கும் தெரியாது. அங்கே வந்து சும்மா உட்கார்ந்திருக்கப் பயந்தேன். பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு, இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தேன்.

காலையில் முதலாளியிடம் போனேன். "ரெண்டு வாரம் முன்னாடிதானே சரின்னீங்க?" என்றார்.

"ஒரு வார்த்தைய தப்பா படிச்சிட்டேன்" என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

முப்பதாம் தேதி காலை ரயிலில் வந்து இறங்குகிறேன். வீட்டுக்காரரிடம் சரி என்று சொல். லமோன் என்றால் நாம் என்றே இருக்கட்டும். நோட்டைத்தான் திருத்தினேன்.

உன்,
புள்ளிக்காரன்