கோழிக்குக் காது எங்கே

டீச்சர், இன்று காலை கடைப் பரணிலிருந்து உங்கள் பிரம்புக் கூடையை இறக்கினேன். உள்ளே விரித்த பழைய துண்டில் இறகு வாசனையும் தவிட்டு வாசனையும் இன்னும் போகவில்லை. முகர்ந்ததும், நீங்கள் பஸ் இறங்கி வந்து, கல்லாவுக்குச் சற்றுத் தள்ளி நின்று, "பாய், நம்ம கோழி தயாரா?" என்று கேட்பது போலிருந்தது. நீங்கள் ஓய்வு பெற்றபின் முதல் பறவைப் பாடம் போன வாரம் நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

முட்டைகூடத் தொடாத ஸ்ரீரங்கத்து டீச்சர், தென்னூரில் என் கோழிக்கடை வாசலில் நிற்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. "படத்தைக் காட்டினா மனப்பாடம் பண்ணிடும். தொட்டாத்தான் பாய் புரியும். நான் ஆத்துக்குப் போய்த் தலைக்கு ஊத்திண்டா ஆச்சு" என்பீர்கள். எல்.கே.ஜி. பிள்ளைகள் வட்டமாக உட்கார, நாட்டுக்கோழி உங்கள் மடியில் இருக்கும். அலகு, கொண்டை, தாடி, இறக்கை, வால், நகம் என்று எதுவானாலும், ஒரு பிஞ்சு விரல் தொட்ட பிறகுதான் அதன் பெயரைச் சொல்வீர்கள்.

கோழி கொண்டுவந்தவன் சும்மா இருப்பேனா? ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான்தான் அதைக் கைவிட்டேன் என்று ஊரில் பேச்சு, கிளப்பிவிட்டவனும் நானே. "இந்தக் கொண்டைதான் இதுக்கு ஏரியல். துறையூர்ல மழை பெஞ்சா இங்க சிலிர்க்கும். வால் அரைக் கிலோ கனம், அது இல்லாட்டிக் கோழி குப்புற விழுந்துடும்" என்று அளப்பேன். பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். நீங்கள் தடுத்ததே இல்லை. "பாய் இன்னிக்கு ஜோராப் பேசினார்" என்று அனுப்பிவைப்பீர்கள். கோழியை மட்டும் சாயங்காலம் வரை வைத்துக்கொள்வீர்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அந்தப் பாடமே என்னால்தான் ஓடுகிறது என்று எடமலைப்பட்டி புதூர் வரை சொல்லி வைத்திருந்தேன்.

போன வாரம் கூடைகூட இல்லாமல், கோழியைக் கையிலேயே பந்தாவாகத் தூக்கிப் போனேன். புது டீச்சருக்குக் கோழியைத் தொடப் பயம். "நீங்களே நடத்திடுங்க பாய்" என்று ஒதுங்கிக்கொண்டார். நிஷா என்று ஒரு பிள்ளை, காது கேட்க மெஷின் மாட்டியிருப்பாள். கோழி முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "மாமா, இதுக்குக் காது எங்க?" என்றாள்.

எத்தனை கோழி பிடித்த கை இது. அந்த இடத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. "கோழிக்குக் காதே கிடையாதும்மா. சுத்தச் செவிடு. தரை அதிர்றதை வச்சுத்தான் ஓடும்" என்று காலைத் தட்டிக் காட்டினேன். பிள்ளைகளும் தட்டினார்கள். மார் நிமிர்த்திக் கடைக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து, பள்ளி ஆயாம்மா கறி வாங்க வந்தார். "அந்த நிஷாவ எல்லாப் புள்ளைங்களும் கோழி, கோழின்னு கூப்பிடுதுங்க பாய். பின்னாடியே போய்த் தரையத் தட்டுதுங்க. அது மெஷினைக் கழட்டி எறிஞ்சுட்டு, ஸ்கூலுக்கே வரமாட்டேன்னு உக்காந்திருக்கு."

"விளையாட்டுக்குச் சொன்னேன்மா. டீச்சர் இருந்தப்ப எவ்வளவு அளந்திருக்கேன், ஒண்ணும் ஆகலையே."

"எப்படி ஆகும்? நீங்க படி இறங்கினதும் டீச்சர் கோழியை மறுபடி மடியில வச்சுக்குவாங்க. 'மாமா சொன்னதுல எது நிஜம், எது புளுகு, கோழியைப் பார்த்துச் சொல்லுங்கோ'ம்பாங்க. வால் இறகை ஊதிப் பறக்கவிட்டு அதுங்க சிரிக்கும் பாருங்க. பாடமே அதுதான். உங்களுக்குத் தெரியாதா?"

தராசில் வைத்த கறியை மறுபடி கீழே இறக்கி வைத்தேன். "எடையைப் போடுங்க பாய், உலை கொதிக்குது" என்றார் ஆயாம்மா.

இத்தனை வருடம் என் பொய்யை எல்லாம் எனக்குப் பின்னால் நின்று துடைத்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது. ஆயாம்மா போனதும் ஒரு கோழியை எடுத்து, கண்ணுக்குப் பின்னால் இருந்த பொடி இறகுகளை விலக்கினேன். சின்னதாக ஒரு துளை. கீழே சிவப்பாக ஒரு மடல்.

நிஷா வீட்டு வாசலில் அவள் அம்மா, "இன்னும் என்ன சொல்லிக்கொடுக்கணும் எம் பொண்ணுக்கு?" என்றார். நின்று கேட்டுக்கொண்டேன். ஒரே ஒரு தடவை பிள்ளையை அழைத்துவரும்படி கெஞ்சினேன்.

இன்று வகுப்புக்கு அழைத்து வந்தார். நானும் உங்கள் கூடையில் கோழியோடு போயிருந்தேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், "மாமா சொன்னது பொய். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்" என்றேன். "பெரியவங்க பொய் சொல்லலாமா?" என்று ஒரு வாண்டு கேட்டான். "கூடாது" என்றேன். நிஷா தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து இறகை விலக்கினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. "இருக்கு" என்றாள். எல்லோரும் முண்டியடித்தார்கள். "ஒவ்வொருத்தரா வாங்க" என்று அவளே அதட்டினாள். பிறகு என்னிடம், "இத்தனூண்டு ஓட்டையில எவ்ளோ தூரம் கேக்கும்?"

மலைக்கோட்டை மணி கேட்கும், காவிரிக்கு அந்தப் பக்கம் உங்கள் கோயில் மேளமும் கேட்கும் என்று நாக்கு நுனிவரை வந்தது, டீச்சர். விழுங்கினேன்.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் அறையின் மறுகோடிக்குப் போய்ச் சுவரோரம் நின்று, மெதுவாக "பா, பா" என்றாள். கோழி தலையைத் திருப்பியது. ஒருவரும் காலைத் தட்டவில்லை.

மெஷின் அவள் அம்மாவின் கைக்குள்ளேயே இருந்தது. நாளைக்கு மாட்டிக்கொள்வாளா, தெரியவில்லை. அந்தச் சொல்லோடுதான் கடைக்குத் திரும்பினேன். இன்னும் வாயில் பழகவில்லை.