பாப்பாத்தி தூங்கவில்லை

12-8-1986, செவ்வாய்

மெட்ராஸ் இன்ஜினியர் இன்று ஒருவழியாகத் தொலைந்தான்.

எங்கள் நாமகிரிப்பேட்டை மில்லில் நூல் அறுந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டும். அதற்குத்தான் அவன் கம்பெனியின் மைக்ரோபிராசசர் பெட்டியை வாங்கினோம். போன வாரம் நூல் அறுந்தும் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. இவன் வந்தான், பெட்டியைத் திறக்காமலே, "உங்க ஊர் கரண்ட் சரியில்லை, ஆளும் தூங்கியிருப்பாங்க" என்றான். மேனேஜர் அன்றைக்கே அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த பாப்பாத்தியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

"நான் தூங்கலீங்க மேடம், ஓடின நூலோட மீட்டர் நம்பரைப் பெட்டிப் பட்டன்ல அழுத்திட்டிருந்தனுங்க" என்று அவள் என்னிடம் சொல்லி அழுதாள்.

நேற்று நானே பெட்டியைத் திறந்து பார்த்தேன். பட்டனுக்கும் நூல் சென்சாருக்கும் பிராசசரைக் கூப்பிடும் ஒரே இன்டரப்ட் கம்பியைக் கொடுத்திருக்கிறான். பட்டனை அழுத்தும் நேரத்தில் நூல் அறுந்தால் அந்தச் செய்தி பிராசசருக்குப் போகவே போகாது. கல்லூரிப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. இந்த லட்சணத்துக்குக் கழுத்தில் டை வேறு.

இன்று அதைக் காட்டியபோது அவனுக்கு வெட்கம்கூட வரவில்லை. சென்சாரை வேறு கம்பிக்கு மாற்றினான், புரோகிராமைத் திருத்தினான். பட்டனை அழுத்தியபடி நூலை அறுத்துப் பார்த்தேன். மெஷின் நின்றது. ரிப்போர்ட்டில் 'மின்னழுத்தக் கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று எழுதி நீட்டினான்.

"கையெழுத்துப் போடுங்க மேடம், பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். நான் பாப்பாத்தியின் பெயரை எடுக்கவில்லை. அவனை இவ்வளவு திட்டி எழுதிவிட்டேன். ஆனால் அந்தத் தாளின் அடியில் இருப்பது ஸ்டெல்லா மேரி, மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். தெளிவான கையெழுத்து.