பரணி நம்மோடுதான் இருப்பான்

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு,

ஆம்பூரிலிருந்து அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் பரணி சித்தப்பாவும் சுகம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். என்னைப் பெற்ற உன் ஆயாவின் காரியம் நல்லபடியாக முடிந்தது. லீவு கிடைக்காமல் வரமுடியவில்லையே என்று நீ அழுதாய், அதை மனசில் வைத்துக்கொள்ளாதே, உன் கல்யாணப் போட்டோ கடைசிவரை ஆயாவின் தலைமாட்டில்தான் இருந்தது. அன்றைக்குப் போனில், சித்தப்பாவை ஒரு ஹோமில் சேர்த்துவிடலாம்ப்பா, உங்களுக்கும் வயசாகிறது என்று சொன்னாய். நர்ஸ் வேலை பார்க்கிறவள், அக்கறையோடுதான் சொன்னாய். அதற்குப் பதில் போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஹோம் வேண்டாம்மா.

பரணி பிறந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். வயசு ஏறியும் அவன் நடக்கவில்லை, பேசவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டியதற்கு, உடம்பு வளரும், புத்தி குழந்தை மாதிரியேதான் இருக்கும் என்றார்கள். எங்கேயாவது கோயில் வாசலில் விட்டுவிடு என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். ஆயா யாரோடும் சண்டை போடவில்லை. டேனரியில் தோல் காயப்போடும் வேலைக்குப் போகும்போது அவனையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து உட்காரவைத்துவிட்டு வேலை செய்தாள். அவனுக்குக் காய்ச்சல் கண்ட நாளில் பக்கத்து வீட்டு அன்வரி பேகம் பார்த்துக்கொள்வார். கொஞ்சம் கொஞ்சமாக நடந்தான், பேச்சும் ஒன்றிரண்டு வார்த்தையாக வந்தது. உன் தாத்தா போனபிறகும் ஆயா தளரவில்லை. மீசை நரைத்த பிள்ளையைக் குளிப்பாட்டி, தலைவாரி, சோறு ஊட்டியதெல்லாம் நீயே பார்த்து வளர்ந்தது.

நீ பார்க்காதது, அயர்லாந்துக்கு நீ போனபிறகு நடந்தது. ஒருநாள் நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஆயா பாத்ரூமில் வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். பரணி சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா வந்து ஊட்டுவாள் என்று நாங்கள் திரும்பும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். கால் சரியானதும் ஆயா ஊட்டுவதை நிறுத்திவிட்டாள். தட்டை முன்னால் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொள்வாள். அவன் அழுவான், தட்டைத் தள்ளுவான், சோறெல்லாம் தரையில் கிடக்கும். உன் அம்மா மனசு கேட்காமல் ஊட்டப்போனால் ஆயா கையைத் தட்டிவிடுவாள். கிழவிக்கு நெஞ்சு கல்லாகிப்போச்சு என்று தெருவே பேசியது. என்னம்மா இது என்று நானும் சத்தம் போட்டேன். அப்போது சொன்னாள்: "நான் ஊட்டிக்கினே இருந்தா, நான் போற அன்னிக்கி அவனும் பட்டினிடா. இப்பவே அழுதுக்கட்டும்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்படித்தான் அவன் சாப்பிடக் கற்றான், அப்புறம் குளிக்க, அப்புறம் சட்டைப் பொத்தான் போட. பொத்தானுக்குத்தான் ரொம்ப நாள் ஆனது. பிறகு ஒருநாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வேலை கேட்டு ஷூ கம்பெனிக்கே போய்விட்டாள். அங்கே பேக்கிங்கில் சூப்பர்வைசராக இருப்பவர் அன்வரி பேகத்தின் மகன் மஹபூப் பாஷா. மிஷின் இருக்கிற இடம், ஏதாவது ஆயிட்டா பேஜார் ஆயா என்று தயங்கினாராம். ஆயா விடவில்லை. தானும் கூட உட்கார்ந்து, ஷூவுக்குள் காகிதத்தைச் சுருட்டித் திணிக்க அவன் கை பழகுகிறவரை தினமும் போய்வந்தாள். இப்போது அந்த மேசை அவனுடையது, வேறு யாரையும் உட்காரவிடமாட்டான்.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் அமிர்தவள்ளி அத்தையும் மற்றவர்களும் கூடத்தில் உட்கார்ந்து, அம்மாவே போய்ட்டா, இனிமே இவனை யாரு பாக்கறது, ஏலகிரி அடிவாரத்தில் ஒரு ஹோம் இருக்காமே என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பரணி குளித்து, சட்டை மாட்டி, சாப்பாட்டுப் பையோடு உள்ளேயிருந்து வந்தான். ஒரு பொத்தான் மாறியிருந்தது. அத்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னிக்கி போவாதப்பா, அம்மா இல்லியே என்று அழுதாள். அவன் கையை விடுவித்துக்கொண்டான். "அம்மா இல்ல. வேல இருக்குது" என்றான். தெருவில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்குமேல் யாரும் ஹோம் பேச்சை எடுக்கவில்லை.

ஹோமில் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள், வேளாவேளைக்கு ஊட்டியும் விடுவார்கள். எனக்குப் பயமே அதுதான். உங்களுக்குப் பிறகு யாருப்பா என்று நீ கேட்பாய், கேட்கவேண்டிய கேள்விதான். அதற்குத்தான் நேற்று கரண்ட் அடுப்பில் கஞ்சி வைக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பொங்கி வழிந்து மேடையெல்லாம் நாசம், உன் அம்மா இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கும் வைப்போம்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, குறையில்லாமல் இருக்க எங்கள் ஆசீர்வாதம். நைட் டியூட்டி பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் தூங்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதலில் சித்தப்பாவிடம் பேசு. பாவம் என்று அழாதே. இந்த வாரம் கம்பெனியில் இன்னா வேலை என்று கேள், சொல்லுவான்.

என்றும் உன் நினைவாக,
அப்பா சுந்தரமூர்த்தி