மாற்று வேட்பாளர் அம்சவேணி

மஸ்கட்

அன்புள்ள மாமாவுக்கு,

விஜயகுமாரி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீங்களும் அத்தையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போன் செய்தால் உங்களைச் சுற்றிப் பத்துப் பேர் பேசுகிறார்கள். அதனால்தான் ஊருக்கு வருகிற ஒரு அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மாமல்லபுரத்தில் நீங்கள் கவுன்சிலருக்கு நிற்பதை நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஓட்டுக் கேட்கும் வீடியோவையும் காட்டினேன். வீட்டுக்கு வீடு ஆரத்தி எடுத்துப் பொட்டு வைக்கிறார்கள். நாலாவது வீட்டில் குங்குமம் உங்கள் கண்ணில் விழ, மகளிரணி அம்சவேணி முந்தானையால் துடைத்துவிடுகிறாள். கூட இருந்த நர்ஸ், "யாரு, உன் நாத்தனாரா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். சிரிப்புத்தான் வந்தது.

உங்கள் மனு தள்ளுபடியானால் நிற்பதற்கு மாற்று வேட்பாளராக, எல்லாரும் பெண்டாட்டியைத்தான் போடுவார்கள். கேட்டதற்கு, "நீ அங்க கீற, இன்னா பண்றது? அதான் அம்சவேணி கையெழுத்து போட்டுச்சு" என்றீர்கள். சரி. உங்கள் மனுவை ஏற்றுக்கொண்டதும் அவள் வாபஸ் வாங்க வேண்டுமே, வாங்கிவிட்டாளா?

பீரோவில் நீலப் பெட்டிக்குள் கைக்குட்டைகள் இருக்கின்றன. தினமும் ஒன்று எடுத்துப் போங்கள். முகத்தை நீங்களே துடைத்துக்கொள்ளலாம்.

அக்கா வண்டியில் ஏறிவிட்டார். இன்னும் ஒன்றே ஒன்று. மனுவோடு கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தில் மனைவி பெயர் எழுத இடம் உண்டாம். அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

உங்கள்
விஜயகுமாரி